தாய்மொழிப் பள்ளியிலிருந்து ஓர் அறிவியல் மேதை: ஜகதீஷ் சந்திர போஸ்

கடந்த பருவ விடுமுறையின்போது நம் கழகம் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக இரண்டு நாள் மின்னணுவியல் பயிலரங்கு ஒன்றை நடத்தத் திட்டமிட்டது. மின்னணுப் பொறியியல் படிப்பவன் என்பதால் பாடக்குறிப்புகளையும் பொருள்களையும் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கத்தில் ஓம் விதி, இரண்டாம் பக்கத்தில் இருபது உறுப்புகளின் பெயர்ப்பட்டியல், மூன்றாம் பக்கத்தில் சுற்றுப்படம். எழுதி முடித்தபோது எனக்கு மிகுந்த மனநிறைவு.

அந்த மனநிறைவு ஒரு மாலைப் பொழுதுகூட நீடிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அத்தை மகனை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். பத்து நிமிடத்தில் கொட்டாவி விட்டான். பிறகு பெட்டியிலிருந்த ஒளி உணரியைக் கையில் எடுத்து, இதற்குக் கண் இல்லையே, வெளிச்சம் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டான். என் மூன்று பக்கக் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை.

மறுநாள் கழகக் கூட்டத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது. உணரி, மின்தடை என்று தமிழில் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்புவதைவிட ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன்தான். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் நுழைந்தபோது அறிவியல் சொற்கள் எல்லாம் வேற்று மொழியில் இருக்கக் கண்டு, தமிழில் படித்தது வீண்தானோ என்று மனத்துக்குள் நினைத்த நாள்களும் உண்டு. அதனால் நண்பருக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

ஒளி உணரியின் வரலாற்றைத் தேடி நூலகத்திற்குச் சென்றபோதுதான் ஜகதீஷ் சந்திர போஸை மீண்டும் சந்தித்தேன். செடிகளுக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவர் என்ற ஒரே வரியில்தான் நம்மில் பலர் அவரை அறிந்திருக்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால், என்னுடைய இரண்டு சிக்கல்களையும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடந்து சென்ற ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவருடைய வாழ்க்கையைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மீனவர் மகனின் பக்கத்தில்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தின் மைமன்சிங் நகரில் பிறந்தார். இன்று அது வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அரசுப் பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். ஆனால் பகவான் சந்திரர், ஃபரித்பூரில் இருந்த வங்காள மொழிப் பள்ளியில் தம் மகனைச் சேர்த்தார். ஒருவன் ஆங்கிலம் கற்கும் முன் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அப்பள்ளியில் சிறுவன் ஜகதீஷுக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் பணியாளருடைய மகன், மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்மேல் நாட்டத்தை உண்டாக்கின என்று பிற்காலத்தில் போஸ் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பள்ளிக்கு அவரைத் தோளில் சுமந்து சென்றவரோ ஒரு முன்னாள் கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரால் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்று மீண்ட அம்மனிதருக்குப் பிழைக்க வழியில்லாதபோது, அவரையே தம் வீட்டு வேலைக்கு அமர்த்தினார் அந்தத் தந்தை.

1869இல் ஜகதீஷ் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். ஹேர் பள்ளியில் சில காலம் பயின்றபின் செயின்ட் சேவியர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் பேசும் நகரத்துப் பிள்ளைகள் நடுவில் கிராமத்து வங்காளச் சிறுவனாக அவர் பட்ட கேலி கொஞ்சமன்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அவர் தனிமையில் ஒதுங்கிவிடாமல் விடுதியின் மூலையில் செடிகளை நட்டார், சிற்றுயிர்களை வளர்த்தார், பாடத்திலும் முன்னேறினார்.

செயின்ட் சேவியர் கல்லூரியில் அவருக்கு அருட்தந்தை லஃபோன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் வாய்த்தார். இயற்பியலைக் கரும்பலகையில் மட்டும் நடத்தாமல், ஒவ்வொரு கருத்தையும் மேசைமேல் செய்து காட்டுவது அவர் வழக்கம். போஸ் பின்னாளில் செய்து காட்டும் கலையில் தேர்ந்து விளங்கியதற்கு இவ்வகுப்புகளே விதை என்றால் மிகையாகாது.

1880இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். ஆனால் ஏற்கெனவே பற்றியிருந்த காய்ச்சல் விடவில்லை; பிணக்கூறாய்வு அறையின் நாற்றமும் உடலை மேலும் வாட்டியது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே புகழ்பெற்ற இயற்பியலாளர் ரேலி பிரபு அவருக்கு ஆசிரியராக இருந்தார். 1884இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார்.

சம்பளம் வாங்காத ஆசிரியர்

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பணி கிடைத்தது. இந்தியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் திறன் கிடையாது என்று அதிகாரிகள் சிலர் வெளிப்படையாகவே எண்ணிய காலம் அது. ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அதாவது, பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தும் ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை உதறவில்லை. சம்பளத்தைத்தான் மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல், ஒரு நாளும் தவறாமல் வகுப்பு நடத்தினார். அப்போது குடும்பம் செழிப்பாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. தந்தை மக்கள் நலனுக்காகத் தொடங்கிய தொழில் முயற்சிகள் நொடித்துப்போய்க் கடன் பெருகியிருந்தது. 1887இல் போஸ் அபலா தாஸை மணந்தார். அபலா அம்மையார் கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் சென்னைக்குச் சென்று மருத்துவம் பயின்றவர்; உடல்நலக் குறைவால் அப்படிப்பை முடிக்க இயலவில்லை. வருமானமில்லாத கணவரின் பிடிவாதத்தில் அவரும் பங்கேற்றார்.

வகுப்பறையில் நிகழ்ந்ததுதான் இறுதியில் வென்றது. போஸின் சோதனை விளக்கங்களைக் காண மாணவர்கள் ஆர்வத்தோடு திரண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி நிர்வாகம் அவரை நிரந்தரமாக்கி, நிறுத்திவைத்த சம்பளம் முழுவதையும் முன்தேதியிட்டு வழங்கியது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

ரயில் அட்டவணையும் சணல் கட்டும்

1894 நவம்பர் 30, போஸின் 36ஆம் பிறந்தநாள். அன்றுதான் ஆராய்ச்சியில் முழுமையாக இறங்குவதென்று அவர் முடிவெடுத்தார். கல்லூரியில் அவருக்கென்று ஆய்வுக்கூடம் கிடையாது. 24 சதுர அடி அளவுள்ள சிறிய அறை ஒன்றை ஒழுங்குபடுத்திக்கொண்டார். கருவி செய்து தர முறையான பயிற்சி பெறாத தகர வேலைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். செலவு பெரும்பாலும் சொந்தப் பணம்.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது மின்காந்த அலைகள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் அத்தகைய அலைகள் இருப்பதைச் சோதனையால் நிறுவியிருந்தார். அந்த அலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், வளையும் என்று காட்ட ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அலை நீண்டால் கருவியும் பெருத்துத்தான் ஆக வேண்டும். அவர் கீல் கொண்டு செய்த முப்பட்டகம் பல நூறு கிலோ எடையுள்ளது! சிறிய அறையில் இருந்த போஸுக்கு இது ஒத்துவராது. ஆகவே, அவர் அலையையே சிறிதாக்கினார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். வினாடிக்கு 60 பில்லியன் அதிர்வுகள் கொண்டவை அவை. அதனால் மொத்தக் கருவியும் ஒரு மேசைமேல் அடங்கியது. வறுமை அவரை முடக்கவில்லை. வழியைக் காட்டியது எனலாம்.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பிரித்துக் காட்ட ஒரு சாதனம் தேவைப்பட்டது. அவர் ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் தாள்களுக்கு இடையிடையே ஈயத்தாளைச் செருகினார். புத்தகத்தை ஒரு வாக்கில் பிடித்தால் அலை கடந்து சென்றது. தொண்ணூறு பாகை திருப்பினால் நின்றுவிட்டது. முறுக்கிய சணல் நாரைக் கட்டாக்கி, அதன் ஊடே அலை செல்லும்போது அதிர்வுத் திசை திரும்புவதையும் காட்டினார். சணல் வங்காளத்து வயல்களில் விளைவது. அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவையெல்லாம் ஆய்வுப் பொருள்களாயின.

1890களின் நடுவில் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் ஒரு பொதுச் செய்முறையை நடத்தினார். கம்பி எதுவும் இல்லாமல், சுவர்களைக் கடந்து சென்ற அலை தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டார். மைக்கேல் ஃபாரடே எளிய சோதனைகளைச் செய்து காட்டி மக்களுக்கு அறிவியல் ஊட்டிய அதே அரங்கம் அது.

அலையை உணர்வது எப்படி?

அலையை அனுப்புவது பாதி வேலைதான். அது வந்து சேர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் அத்தை மகன் கேட்ட கேள்வியும் அடிப்படையில் இதுதான்.

அக்காலத்தில் இதற்கு உலோகத் துகள்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினர். அலை பட்டதும் துகள்கள் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் எளிதில் பாயும். ஆனால் அடுத்த அலையை உணர வேண்டுமானால் குழாயைத் தட்டித் துகள்களைக் கலைத்துவிட வேண்டும். துகள்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டன. போஸ் துகள்களை விட்டுவிட்டுச் சிறிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கினார். அவற்றின் அழுத்தத்தை ஒரு திருகால் கூட்டிக் குறைக்கலாம். உணரி இப்போது மனிதக் கைக்குக் கட்டுப்பட்டது. 1899இல் இரும்பும் பாதரசமும் கொண்டு, தொலைபேசியின் ஒலிவாங்கிக் குழாயில் கேட்டறியும் வகையில் இன்னோர் உணரியையும் உருவாக்கி வெளியிட்டார்.

இவற்றினும் சிறப்பானது கலீனா உணரி. கலீனா என்பது இயற்கையில் கிடைக்கும் ஈயச் சல்ஃபைடு கனிமம். அதன் மீது உலோக முனையைத் தொடவைத்து மின்சாரம் செலுத்தினார் போஸ். மின்காந்த அலை பட்டால் அதன் மின்தடை மாறியது. வெளிச்சம் பட்டாலும் மாறியது! கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் புலப்படாத அலையையும் ஒரே கல் உணர்ந்தது. ஒரு செயற்கை விழித்திரைபோல அது செயல்படுவதாகவே அவர் கருதினார். இன்று தொடக்கநிலை மாணவர்களுக்கான மின்னணுப் பெட்டிகளில் நாம் காணும் ஒளி உணரி பெரும்பாலும் காட்மியம் சல்ஃபைடால் ஆனது. ஒளி பட்டால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று விடுபடுகின்றன, மின்தடை குறைகிறது. எலக்ட்ரான் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், குறைக்கடத்தி என்ற துறையே உருவாகாத நிலையில், போஸ் இந்த வேலையைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த உணரிக்கு 1901இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டு 1904 மார்ச் 29இல் வழங்கப்பட்டது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமை என இது போற்றப்படுகிறது. ஆனால் போஸ் இதை விரும்பிக் கேட்கவில்லை. நண்பர்களின், குறிப்பாக சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலுக்காகவே இசைந்தார். பின்னர் அதைக் கொண்டு ஒரு காசும் ஈட்டாமல் காலாவதியாக விட்டுவிட்டார். அறிவை விற்கக் கூடாது என்பதே அவர் கொள்கை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ்தான், மார்க்கோனி அதைத் திருடிவிட்டார் என்று நம்மவர் சிலர் ஆவேசமாகப் பேசுவதுண்டு. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய பாதரச உணரி, போஸ் 1899இல் வெளியிட்ட கருவியோடு நெருங்கிய தொடர்புடையது என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1909இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் சென்றது. போஸின் பெயர் பேசப்படவில்லை. இவை உண்மைகள். ஆனால் தொலைதூரச் செய்தித் தொடர்பைத் தொழிலாக வளர்க்க வேண்டும் என்று போஸ் ஒருபோதும் முயலவில்லை என்பதும் உண்மை. அந்த உழைப்பு மார்க்கோனியுடையது. போஸைப் பெருமைப்படுத்த அவர் செய்ததைச் சொன்னாலே போதும். செய்யாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

செடியை நோக்கித் திரும்பிய கருவி

தம் உணரிகள் ஓயாமல் வேலை செய்தால் களைப்படைவதுபோல மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் போஸ் கவனித்தார். இதுவே அவரை உயிருள்ளவற்றின் பக்கம் திருப்பியது. செடிகள் தூண்டலுக்கு மின் அடிப்படையில் எப்படி மறுமொழி தருகின்றன என்று அளக்கத் தொடங்கினார். வளர்ச்சியைப் 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். உடலியல் அறிஞர்கள் பலர் எதிர்த்தனர். 1920இல் லண்டனில் அறிஞர் குழு ஒன்றின் முன்னிலையில் அக்கருவியை இயக்கிக் காட்டி அதன் பதிவுகள் மெய்யென நிறுவினார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செடிகளைப் பற்றி அவர் கொண்ட முடிவுகள் அனைத்தையும் அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. எனினும் செடிகளில் மின் சமிக்ஞைகள் பாய்கின்றன என்பது இன்று உறுதியான ஆய்வுத் துறை.

1917 நவம்பர் 30இல், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அங்கு நிகழும் கண்டுபிடிப்புகள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், காப்புரிமை பெறக் கூடாது என்று அறிவித்தார். சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா ஆகிய பெரும் இயற்பியலாளர்கள் பிரசிடென்சி கல்லூரியில் அவரிடம் பயின்றவர்கள்.

இத்தனை புகழுக்குப் பின்னும் அவர் வங்காள மொழியில் எழுதுவதை விடவில்லை. 1896இல் வங்காளத்தில் ஓர் அறிவியல் சிறுகதை எழுதினார். 1921இல் வெளிவந்த ‘அவ்யக்த’ என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பில், கண்ணுக்குப் புலப்படாத ஒளியைப் பற்றி எளிய வங்காளத்தில் விளக்குகிறார். லண்டன் மேடையில் ஆங்கிலத்தில் சொன்னதை ஃபரித்பூர் மீனவரின் பேரனுக்கும் புரியும்படி எழுத அவரால் முடிந்தது. 1937 நவம்பர் 23இல் கிரிதி என்னும் ஊரில் அவர் காலமானார்.

மீண்டும் என் பெட்டிக்கு

அன்பு நண்பர்களே, நூலகத்திலிருந்து திரும்பிய நான் அந்த மூன்று பக்கங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பயிலரங்கின் முதல் பாடத்தில் பெயரும் இல்லை, விதியும் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஒளி உணரி, ஒரு மல்டிமீட்டர். உள்ளங்கையால் மூடினால் எண் ஏறும். கையை எடுத்தால் இறங்கும். கண்டதை அவரவர் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னோம். அதன்பிறகுதான் ஒளி உணரி, மின்தடை என்ற சொற்களைக் கொடுத்தோம். அவற்றின் ஆங்கில, மலாய்ப் பெயர்களையும் பக்கத்திலேயே எழுதிப்போட்டோம். பார்த்துத் தெரிந்துகொண்ட ஒன்றுக்கு மூன்று பெயர்கள் இருப்பது எந்தப் பிள்ளையையும் குழப்பவில்லை.

இரண்டாம் நாள் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றினோம். பாட்டு மங்கி அடங்கியது. தாளைப் பிரித்ததும் மீண்டும் பாடியது. வகுப்பே ஆரவாரித்தது. அப்போதுதான் ரயில் அட்டவணையில் ஈயத்தாள் செருகிய மனிதரின் கதையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் நடத்தலாமே என்று கேட்ட அதே நண்பர் கடைசி வரிசையில் நின்று அலுமினியத் தாளை வெட்டிக்கொண்டிருந்தார்.

தாய்மொழிப் பள்ளியில் படித்ததால் போஸ் அறிவியலில் பின்தங்கவில்லை. அதே சமயம், தாய்மொழியில் படித்தது மட்டுமே அவரை மேதையாக்கவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தக் கண்ணால் பார்த்து, சொந்தக் கையால் செய்து, கற்றதைத் தன் மொழிக்கே திருப்பிக் கொடுத்த உழைப்புதான் அவரை உயர்த்தியது. பட்டம் பெற்று இப்பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் நாம், நமக்கு எழுத்தறிவித்த தமிழ்ப்பள்ளிகளுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்? பெரிய தொகை எதுவும் தேவையில்லை. இரண்டு நாள், ஒரு பெட்டி, நாமே கையால் எழுதிய நல்ல தமிழ்ப் பாடக்குறிப்பு. அடுத்த பயிலரங்கிற்கான பெட்டி கழக அறையில்தான் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் வந்து கை கொடுக்கலாம்.